பாதி தெரிஞ்சவங்க பாடம் சொல்லலாமா?

ஓம் சரவணபவ!



நாவலூர், சிறுசேரி, படூர், கேளம்பாக்கம்னு ஓ.எம்.ஆர். ஓரமா வேலைக்கு வந்து குடியேறின நம்ம தம்பி தங்கைகள் கிட்டயிருந்து அடிக்கடி வர்ற ஒரு கேள்வியை இந்தத் தடவை எடுத்துக்கலாம். வேல்மாறல் மனப்பாடம் ஆயிடுச்சு. கந்தர் அனுபூதி புத்தகம் பார்க்காம வருது. அபார்ட்மென்ட்ல விளக்கு பூஜை அன்னைக்குப் பாடினதை நாலு பேர் கேட்டுட்டு, "எங்க குழந்தைங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடும்மா"ன்னு கேட்கிறாங்க. இப்போ என்ன பண்றது? சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு நமக்கு வந்துடுச்சா? வந்துடுச்சுன்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கிறது?

"நேரம் வந்தா முருகனே உணர்த்துவான்"னு ஒரு பதில் உண்டு. அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா நமக்குள்ள கேட்கிற குரல் எல்லாம் அவன் குரல்தானா? மைக் கையில் கிடைக்கணும்ங்கிற ஆசையும் அதே மாதிரிதான் பேசும். "எனக்கு என்ன தெரியும், நான் போய் சொல்லிக் கொடுக்கிறதா"ன்னு ஒதுங்க வைக்கிற பயமும் பணிவு வேஷம் போட்டுக்கிட்டுதான் வரும். அதனால உள்ளே கேட்கிற குரலை மட்டும் நம்பாம, வெளியே வச்சுப் பார்க்க ஒரு அளவுகோல் இருந்தா நல்லது.

அப்படி ஒரு அளவுகோல் தமிழ்ல ரொம்ப காலமா இருக்கு. பள்ளிக்கூடத்துல இலக்கணப் புத்தகத்தோட சேர்த்து மறந்துட்டு வந்த நன்னூல்லதான் இருக்கு. 13-ம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதினது. அவர் சமண முனிவர். எழுத்து, சொல்னு இலக்கணத்துக்குள்ள போறதுக்கு முன்னாடியே, பொதுப்பாயிரத்துல, யார் ஆசிரியர், யார் ஆசிரியர் ஆக முடியாது, மாணவன் எப்படிக் கேட்கணும்னு உட்கார்ந்து பேசிட்டுத்தான் மேல போறார்.

அங்கே ஒரு கணக்கு வருது. எனக்கு அதைப் படிச்சப்போ கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆசிரியர் சொன்னதை ஒருத்தன் முழுசா, நல்லா வாங்கிக்கிட்டாலும் அவனுக்குக் கிடைக்கிறது கால் பங்கு அறிவுதானாம். கூடப் படிக்கிறவங்களோட பழகி, பேசி, கேட்டுக்கிட்டா இன்னொரு கால். மீதி அரை? அதை மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் வருமாம்.

கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்க. இதுவரைக்கும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காத ஒருத்தர், எவ்வளவு பெரிய படிப்பாளியா இருந்தாலும், அரைதான். "முழுசா தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் சொல்லிக் கொடுக்கிறேன்"னு காத்திருக்கிறவங்களுக்கு அந்த நாள் வரவே வராது. உலகத்துல இருக்கிற எல்லா ஆசிரியரும் முதல் நாள் பாதி தெரிஞ்சுக்கிட்டுதான் போய் நின்னாங்க.

இதோட நிறுத்திட்டா ரொம்ப வசதி. "நானும் பாதிதான், அப்போ நான் ரெடி"ன்னு கிளம்பிடலாம். ஆனா பவணந்தியார் சொல்ற பாதி எது, நாம நினைக்கிற பாதி எதுன்னு பார்க்கணும். முதல் கால் ஒரு ஆள் வாயிலிருந்து கேட்டது. ரெண்டாவது கால் கூடப் படிச்சவங்க நம்மைத் திருத்தினது. இந்த ரெண்டையும் தாண்டித்தான் மூணாவது இடத்துக்கு வர முடியும். யூடியூப்ல நூறு தடவை கேட்டிருக்கலாம். அது கேள்விதான், புண்ணியம்தான். ஆனா அந்த வீடியோ ஒரு நாளும் நம்மை நிறுத்தி, "தம்பி, அது வலி இல்ல, வழி"ன்னு சொன்னதில்ல. நாம பாடினதை அது கேட்கவே இல்லையே!

ஒரு தடவை கேட்டவன் இன்னொரு தடவையும் கேட்டா பிழை பெரும்பாலும் போயிடும், மூணாவது தடவை கேட்டா முறை தெரிஞ்சு எடுத்துச் சொல்வான்னும் அதே இடத்துல வருது. மூணு தடவைங்கிறதை நம்ம ஆட்கள் மூணு ரீல்ஸ்னு எடுத்துக்கக் கூடாது. ஒரு நூலை ஒருத்தர் முன்னாடி உட்கார்ந்து முழுசா மூணு முறை பாடம் கேட்கிறது.

யார் ஆசிரியர் ஆக முடியாதுன்னு சொல்ல நாலு உவமை வேற. கழங்குக் காயை ஒவ்வொண்ணா போட்டு நிரப்பின குடத்தைக் கவிழ்த்தா, போட்ட வரிசையில வராது, கண்டபடி கொட்டும். சிலர் பாடம் அப்படி. பருத்தி அடைச்ச குண்டிகை கொஞ்சம் கொஞ்சமா திணிச்சது, பிடுங்கிப் பிடுங்கிதான் எடுக்கணும். கருக்கு மட்டையோட நிக்கிற பனைமரம், கிட்டயே போக முடியாது, தானா விழுந்தாத்தான் பழம். கடைசியா வளைஞ்ச தென்னை. தண்ணி ஊத்தினது ஒரு வீடு, காய் விழறது பக்கத்து வீட்டுல. (இந்தக் கடைசி ஆளை நீங்க பார்த்திருப்பீங்க. சொந்த அபார்ட்மென்ட்ல ஒரு குழந்தைக்கும் ஒரு வரி சொல்லித் தந்திருக்க மாட்டார், லைவ்ல மட்டும் ஆயிரம் பேருக்கு அருளுரை.) கவனிச்சீங்களா, இந்த நாலுல ஒண்ணு கூட "அறிவு குறைவு" இல்ல. குடத்துல கழங்கு நிறையத்தான் இருக்கு. பனையில பழம் இருக்கு. வர்ற விதம்தான் கோளாறு.

இப்போ நம்ம அப்பன் கதைக்கு வருவோம். எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனா இந்தக் கேள்வியை மனசுல வச்சுக்கிட்டு இன்னொரு தடவை பாருங்க.

கயிலைக்கு வந்த பிரம்மா, குழந்தை முருகனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போறார். முருகன் கூப்பிட்டுக் கேட்கிறான். என்ன வேலை பார்க்கிறீர்? படைப்பு. எதை வச்சு? வேதத்தை வச்சு. அப்போ வேதம் சொல்லும். பிரம்மா "ஓம்"னு ஆரம்பிக்கிறார். நில்லும், இதுக்குப் பொருள் என்ன? அங்கே நின்னவர்தான். குட்டு விழுது, சிறை. படைப்புத் தொழிலை முருகனே பார்த்துக்கிறான். கச்சியப்பர் கந்தபுராணத்துல இதை விரிவா பாடி வச்சிருக்கார். அதை அவர் அரங்கேற்றினது காஞ்சிபுரம் குமரகோட்டத்துல.

பிரம்மாவுக்கு எதுக்குத் தண்டனை? பொருள் தெரியாததுக்கா? அப்படின்னா அடுத்து வர்ற காட்சி இடிக்குமே. பிள்ளை கிட்ட வந்து அதே பிரணவத்துக்கு அதே பொருளைக் கேட்கிறார் அப்பா. அவருக்குக் குட்டு விழல. மடியில உட்கார்ந்த பிள்ளை காதுல சொல்றான். சுவாமிமலையில சுவாமிநாதன் ஆயிட்டான், தகப்பன்சாமி ஆயிட்டான். சிவனுக்குத் தெரியாமலா இருக்கும், எல்லாம் லீலைதான். அது எனக்கும் தெரியும். ஆனா லீலையில கூட அவர் என்ன வேஷம் போட்டார்னு பாருங்க. தெரியாதவர் வேஷம், கேட்கிறவர் வேஷம், சீடன் வேஷம்.

"ஓம்"க்குப் பொருள் தெரியாத ரெண்டு பேர் அந்தப் பிள்ளை முன்னாடி நிக்கிறாங்க. ஒருத்தர் சிறைக்குப் போறார், இன்னொருத்தருக்கு உபதேசம் கிடைக்குது. முதல் ஆள் அந்த எழுத்தைத் தினமும் சொல்லிக்கிட்டே, அதன் மேல ஒரு தொழிலையே நடத்திக்கிட்டு, இதுக்கு என்ன அர்த்தம்னு ஒரு நாளும் யாரையும் கேட்காம இருந்தவர். அவரையும் யாரும் கேட்கல. அவ்வளவு பெரிய பதவியில இருக்கிறவரை யார் கேட்பாங்க? நன்னூல் கணக்குல சொன்னா, அவருக்கு அந்த ரெண்டாவது கால் கிடைக்கவே இல்ல. "அது எப்படி?"ன்னு கேட்க ஒரு சகபாடி இல்ல. கடைசியில ஒரு குழந்தை கேட்க வேண்டியதாப் போச்சு.

கதையில இன்னொண்ணும் இருக்கு, நாம வேகமாத் தாண்டிப் போயிடுவோம். சிறையிலிருந்து வெளியே வந்த பிரம்மா திரும்ப அதே வேலைக்குத்தான் போறார். "உனக்குத் தகுதி இல்ல"ன்னு முருகன் நிரந்தரமா அனுப்பல.

சரி, நம்ம ஊர் நிலவரத்துக்கு வரேன். பேரெல்லாம் வேண்டாம். நாவலூர்ல ஒரு தங்கை, ஐ.டி. கம்பெனியில டெஸ்டிங் வேலை. கந்தர் அனுபூதியை அவங்க பாட்டி கிட்ட பாடமா கேட்டவங்க. லீவுல ஊருக்குப் போய் ஆரம்பிச்சது, அப்புறம் மூணு வருஷமா ஞாயிற்றுக்கிழமை போன்ல தொடர்ந்தது. படூர்ல இன்னும் மூணு பேர் அவங்களோட சேர்ந்து படிக்கிறாங்க. ஒருத்தர் பாட மத்தவங்க புத்தகம் பார்த்துத் திருத்துவாங்களாம். குடியிருப்புல பதினோரு குழந்தைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு எடுக்கச் சொல்லிக் கேட்டு ஆறு மாசம் ஆச்சு. இவங்க இன்னும் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்காங்க. "அண்ணா, ஒரு குழந்தை அர்த்தம் கேட்டு எனக்குத் தெரியலைன்னா?" இதுதான் அவங்க பயம்.

அதே ரோட்டுல கொஞ்சம் தள்ளி ஒரு தம்பி. நல்ல குரல், நல்ல பக்தி, அதுல சந்தேகமே இல்ல. ஆறு மாசமா வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டு, 48 நாள் ஆன்லைன் வகுப்புன்னு போஸ்டர் போட்டுட்டார். "தப்பு இருந்தா யார் கிட்ட கேட்பீங்க தம்பி?"ன்னு கேட்டேன். "எனக்கு முருகன்தான் குரு அண்ணா"ன்னார். கேட்க அழகாத்தான் இருக்கு.

என் கணக்கு இதுதான். தங்கை எப்பவோ ரெடி. தம்பி இன்னும் இல்ல. தங்கைக்கு அதிகம் தெரியும்ங்கிறதால சொல்லல, பாட்டு எண்ணிக்கை பார்த்தா தம்பிக்குத்தான் அதிகம் வரும். தங்கைக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்காங்க, பக்கத்துல மூணு பேர் இருக்காங்க, தப்பு பண்ணினா பிடிப்பாங்க. தம்பிக்கு முன்னாடி மட்டும்தான் ஆட்கள், அதுவும் மியூட்ல.

தங்கையோட பயத்துக்கு வேற ஒருத்தர் வாழ்க்கையிலிருந்து பதில் சொல்லணும்.

1880-ம் வருஷம். கும்பகோணம் காலேஜ்ல தமிழ்ப் பண்டிதரா இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறப் போறார். தன் இடத்துக்கு அவர் சிபாரிசு பண்ணின இளைஞர் பேர் சாமிநாதன், நம்ம உ.வே.சாமிநாதையர். 1855 பிப்ரவரியில பிறந்தவர், அப்போ வயசு 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கிட்ட பாடம் கேட்டவர். 1876-ல பிள்ளையவர்கள் மறைஞ்ச பிறகு திருவாவடுதுறை மடத்துலயே தங்கி, சுப்பிரமணிய தேசிகர் கிட்ட கேட்டுக்கிட்டே, மடத்துல சின்னவங்களுக்குப் பாடமும் சொல்லிக்கிட்டு இருந்தவர். முதல் கால், ரெண்டாவது கால் ரெண்டும் வேற யாருக்கும் அந்த அளவு கிடைச்சிருக்காது. மாசம் 50 ரூபா சம்பளத்துல வேலைக்குச் சேர்ந்தார்.

அதே வருஷம் அக்டோபர் 21. கும்பகோணத்துக்கு முன்சீபா வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போறார். என்னென்ன படிச்சிருக்கீங்கன்னு அவர் கேட்கிறார். இவர் வரிசையா சொல்றார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, புராணம்னு நீள்ற பட்டியல். முதலியார் முகத்துல ஒரு மாற்றமும் இல்ல. இதுக்கெல்லாம் மூலமான பழைய நூல்கள் படிச்சதுண்டான்னு கேட்கிறார். சீவக சிந்தாமணி? இல்ல. மணிமேகலை? இல்ல. சிலப்பதிகாரம்? இல்ல. இதை "என் சரித்திரம்"ல உ.வே.சா.வே ஒளிக்காம எழுதி வச்சிருக்கார்.

ஒரு காலேஜ் தமிழாசிரியர், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம். தமிழோட பெரிய காப்பியங்கள் தனக்குத் தெரியாதுன்னு அன்னைக்குத்தான் அவருக்கே தெரியுது. நாம அந்த இடத்துல இருந்திருந்தா என்ன பண்ணியிருப்போம்? ரெண்டு வழி இருக்கு. "அதெல்லாம் சமணர் நூல், நமக்கு எதுக்கு"ன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம். இல்ல, மனசு உடைஞ்சு "எனக்குத் தகுதியில்ல"ன்னு வேலையை விட்டிருக்கலாம்.

அவர் ரெண்டும் பண்ணல. முதலியார் சிந்தாமணிப் பிரதி ஒண்ணு கொடுத்து, எனக்கு இதைப் பாடம் சொல்லுங்கன்னு கேட்டார். தான் படிக்காத நூலை இன்னொருத்தருக்குப் பாடம் சொல்ல உட்கார்ந்தார் உ.வே.சா. நச்சினார்க்கினியர் உரை கையில இருக்கு, ஆனா அதுவே பல இடத்துல புரியல. காப்பியம் முழுக்க சமண சமயக் கருத்து, இவரோ சைவ மடத்துல வளர்ந்தவர். கும்பகோணத்துலயே இருந்த சமணர்களைத் தேடிப் போய், அவங்க வீட்டுல உட்கார்ந்து, மாணவன் மாதிரி கேட்டார். பகல்ல காலேஜ்ல ஆசிரியர், வெளியே வந்தா மாணவர். 1887-ல சிந்தாமணி அச்சுல வந்தது. அதுக்கப்புறம் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலைன்னு ஒவ்வொண்ணா வந்தது உங்களுக்கே தெரியும்.

அன்னைக்கு அந்தக் கேள்வி வந்தப்போ அவர் ஏற்கெனவே வகுப்புல நின்னுக்கிட்டு இருந்தார்ங்கிறதை மறந்துடக் கூடாது. "சிந்தாமணி முடிச்சுட்டுத்தான் காலேஜுக்கு வருவேன்"னு திருவாவடுதுறையிலயே உட்கார்ந்திருந்தா முதலியாரைச் சந்திச்சிருப்பாரான்னு தெரியாது. சிந்தாமணிங்கிற பேரே அவர் கண்ணுல பட்டிருக்குமோ என்னவோ.

அதனால தங்கைக்கு நான் சொன்னது: குழந்தை கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாம போறது வகுப்புல நடக்கிற விபத்து இல்ல, அதுதான் வகுப்பு. நன்னூல் சொன்ன அந்த மிச்ச அரை அங்கிருந்துதான் வரணும்.

ஆனா அந்த நொடியில நாம என்ன பண்றோம்ங்கிறதுல எல்லாம் இருக்கு. ஏழு வயசுக் குழந்தை, "அக்கா, இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"னு கேட்குது. நமக்குத் தெரியல. சுத்தி பத்துக் குழந்தை, கதவு கிட்ட ரெண்டு அம்மாக்கள். அப்போ வாய்க்கு வந்த ஒரு அர்த்தத்தைச் சொல்லிடணும்னு வர்ற ஆசை இருக்கே, அது ரொம்ப பெருசு. சொன்னா யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. குழந்தை சந்தோஷமா தலையாட்டும். அறுபது வயசு வரைக்கும் அதையே நம்பும், தன் பேரனுக்கும் சொல்லும். "எனக்குத் தெரியலடா கண்ணா, பாட்டி கிட்ட கேட்டுட்டு அடுத்த சனிக்கிழமை சொல்றேன்"னு சொல்ல நாக்கு எழுந்துச்சுன்னா நீங்க ரெடி. எழலைன்னா, நூறு பாட்டு தெரிஞ்சாலும் கொஞ்சம் பொறுக்கலாம். அடுத்த சனிக்கிழமை மறக்காம சொல்லவும் வேணும். குழந்தைங்க மறக்க மாட்டாங்க.

"எனக்குப் பட்டம் இல்ல, சங்கீதம் படிக்கல"ன்னு ஒதுங்கறவங்களுக்கு வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் (1870–1950) வரலாறு ஒண்ணு போதும். நீங்க தினமும் படிக்கிற வேல்மாறல், அருணகிரிநாதரோட வேல் வகுப்பு 16 அடிகளை மாத்தி மாத்தி அடுக்கி, 64 அடியா பாராயணத்துக்குன்னு தொகுத்தது அவர்தான். துறவுக்கு முன்னாடி அவர் மைசூர் அரண்மனையில சமையல் வேலை பார்த்தவர். பெரிய படிப்பு கிடையாது. நாற்பதை நெருங்கற வயசுல பழனியில திருப்புகழைக் கேட்டு அதுல விழுந்தார். அப்போ திருப்புகழ் அச்சுல வந்து ரொம்ப காலம் ஆகல, வடக்குப்பட்டு த.சுப்பிரமணிய பிள்ளை ஏடு ஏடா தேடிச் சேர்த்துப் பதிப்பிச்ச முதல் பாகம் 1894-லதான் வந்திருந்தது. புத்தகத்தை வச்சுக்கிட்டுத் தட்டுத் தடுமாறிக் கத்துக்கிட்டார். திருவண்ணாமலையில ரமணர் கிட்ட இருந்து, அப்புறம் சேஷாத்திரி சுவாமிகள் கிட்ட போய் நின்னு, அவர் சொல்லி வள்ளிமலைக்குப் போனார். திருத்தணியில டிசம்பர் 31 ராத்திரி படிக்கு ஒரு திருப்புகழ் பாடி ஏறுற வழக்கமும் அவர் ஆரம்பிச்சதுதான். பட்டம் இல்லாதவர்தான். ஆனா பெரியவங்க காலடியில உட்காராதவர் இல்ல.

இன்னொரு பக்கமும் சொல்லணும், இல்லைன்னா நான் எல்லாரையும் உசுப்பி விட்ட மாதிரி ஆயிடும்.

திருப்புகழ் சந்தப் பாட்டு. சந்தம் வேணும்ங்கிறதுக்காக ஒரு சொல்லை நடுவுல உடைச்சுப் பாடுவோம், பாதி இந்தத் தாளத்துல, மீதி அடுத்த தாளத்துல. பாடற நமக்குச் சொல் எதுன்னு தெரிஞ்சா பிரச்சினை இல்ல. தெரியாதவர் சொல்லிக் கொடுத்தா, குழந்தைக்கு அது ரெண்டு தனிச் சொல்லா மனசுல உட்கார்ந்துடும். ஒண்ணுக்கும் அர்த்தம் இருக்காது. சில இடத்துல தப்பான அர்த்தமே வந்துடும். அதனால ஒரு பாட்டைச் சொல்லிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, அதைப் பதம் பிரிச்சு ஒரு நோட்டுல எழுதிப் பாருங்க. எழுத வரலைன்னா அந்தப் பாட்டை இப்போதைக்கு விட்டுட்டு எழுத வர்ற பாட்டுக்குப் போங்க. ல, ள, ழ மூணும் உங்க வாயில தனித்தனியா வருதான்னு வேற ஒருத்தரை வச்சுக் கேட்கச் சொல்லுங்க, நம்ம காது நமக்குப் பொய் சொல்லும்.

பாட்டு வேற, மந்திர உபதேசம் வேற. தோத்திரப் பாட்டு ஊருக்கே திறந்து வச்ச தண்ணீர்ப்பந்தல் மாதிரி, யார் யாருக்கு வேணும்னாலும் மொண்டு கொடுக்கலாம். ஆறெழுத்தைத் தீட்சையா கொடுக்கிறது, ஜபம் இத்தனை பண்ணு, இன்ன பலன் வரும்னு சொல்றது, இதுல எல்லாம் நம்ம மாதிரி ஆட்கள் கை வைக்கவே கூடாதுன்னு நினைக்கிறேன். போஸ்டர்ல பலன் எழுதுறதும் அதுல சேர்த்திதான். "இதைப் படிச்சா 48 நாள்ல வேலை கிடைக்கும்"னு நீங்க சொல்லி, நம்பி வந்த பையனுக்குக் கிடைக்கலைன்னா, அவன் உங்களை விட மாட்டான், முருகனை விட்டுடுவான். அந்தக் கணக்கை யார் தலையில எழுதுறது?

சொல்லிக் கொடுக்கிறப்போ எது கேட்டது, எது நம்ம சொந்தக் கருத்துன்னு பிரிச்சுச் சொல்றதுக்கு நமக்குப் பக்கத்துலயே ஒரு முன்னோடி இருக்கார். 17-ம் நூற்றாண்டுல திருப்போரூர் முருகனை வெளிப்படுத்தி, கோயில் எழுப்பின சிதம்பர சுவாமிகள். மதுரைக்காரர், நல்ல தமிழ்ப் புலமை. அப்படியிருந்தும் குமாரதேவர் கிட்ட சீடரா அமர்ந்தவர். பேரூர் சாந்தலிங்க சுவாமிகளோட நூல்களுக்கு உரை எழுதினார். தான் சொல்ல வந்ததைத் திருப்போரூர்ச் சந்நிதி முறைன்னு தனியா பாடினார். உரையில பெரியவர் சொன்னது மேல இருக்கும், நாம சொல்றது கீழ இருக்கும், படிக்கிறவனுக்குக் கோடு தெரியும். வகுப்புலயும் அந்தக் கோடு தெரியணும். "பாட்டி எனக்கு இப்படித்தான் சொன்னாங்க" ஒரு பேச்சு. "எனக்கு இப்படித் தோணுது" வேற பேச்சு. ரெண்டையும் கலந்து, "முருகன் சொல்றான்"னு ஒரே தட்டுல வச்சுப் பரிமாறினா அங்கேதான் வினை ஆரம்பிக்குது.

காசு வாங்கலாமான்னு கேட்பீங்க. புத்தகம், ஜெராக்ஸ் செலவுக்கு வாங்கினா தப்பில்லைன்னுதான் எனக்குப் படுது. அதுக்கு மேல அவங்கவங்க மனசாட்சி.

நன்னூல் நல்ல ஆசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், பூன்னு நாலு உவமை சொல்லும். மலையை விடுங்க, அதுக்கு நமக்கு வயசு பத்தாது. தராசுக்கோல் ஆகலாம்: சந்தேகம்னு வந்தா எந்தப் பக்கம் சாயணுமோ அந்தப் பக்கம் சாயறது, அது நமக்கு எதிரா இருந்தாலும். படூர் தோழி "அந்த வரியை நீ தப்பாப் பாடற"ன்னு சொல்றப்போ முகம் சுருங்காம இருந்தா அதுவே தராசுதான்.

அந்தத் தம்பிக்கும் நான் வேண்டாம்னு சொல்லல. போஸ்டரை ஒரு மாசம் தள்ளி வையுங்க, உங்களை விட மூத்தவர் ஒருத்தர் முன்னாடி உட்கார்ந்து ஒரு பத்துப் பாட்டை முழுசா பாடிக் காட்டுங்க, அவர் எத்தனை இடத்துல நிறுத்தறார்னு எண்ணிக்கிட்டு வாங்கன்னு சொன்னேன். "யார் கிட்ட அண்ணா போறது, இங்க எனக்கு யாரையும் தெரியாதே"ன்னார். நியாயமான கேள்வி. இந்த ரோட்டுல முக்கால்வாசிப் பேர் எங்கிருந்தோ வந்தவங்கதான்.

நாவலூர்ல பஸ் ஏறினா நேரா தெற்கே, கேளம்பாக்கம் தாண்டி திருப்போரூர். கந்தசாமி கோயில்ல கிருத்திகை அன்னைக்குப் போகாதீங்க, கூட்டத்துல ஒரு வார்த்தை பேச முடியாது. சாதாரண நாள்ல, காலையில போங்க. பிராகாரத்துல புத்தகம் இல்லாம முணுமுணுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிற வயசானவங்க யாராவது இருப்பாங்க. வணக்கம் சொல்லி, பக்கத்துல உட்கார்ந்து, "ஐயா, ஒரு பாட்டு பாடறேன், தப்பிருந்தா சொல்றீங்களா"ன்னு கேளுங்க. முதல் தடவையே சரின்னு சொல்லிட்டா இன்னொருத்தரைத் தேடுங்க.

ஓம் சரவணபவ!